வாசகர் கேள்வி–பதில்: வீட்டிலிருந்தே கிராஃபிக் டிசைன்

பி.காம். முடித்துவிட்டுக் கணக்கு வேலையில் இருக்கிறேன். இரவில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். ஆன்லைனில் டிசைன் படிக்க முதலில் ஃபோட்டோஷாப்பா, இல்லஸ்ட்ரேட்டரா? காசு கட்டித்தான் ஆக வேண்டுமா?
— வாசகர், விருதுநகர்

இரண்டும் இப்போது வேண்டாம். முதல் இரண்டு மாதம் எழுத்தையும் இடைவெளியையும் மட்டும் பழகுங்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையின் வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்துரு, இரண்டே அளவு, கறுப்பு மட்டும், படமோ பார்டரோ கிடையாது. அதை ஏ5 தாளில் பத்து விதமாக அடுக்குங்கள். மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் மூன்றும் இந்த வரிசையில் கண்ணில் படுகின்றனவா என்று வீட்டில் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். இதற்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளே போதும்.

பிரின்ட் எடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், 100 சதவீதத்தில் எடுங்கள். இல்லையென்றால் 9 பாயின்ட் எழுத்து சத்தமில்லாமல் சிறுத்துவிடும், நீங்கள் தப்பான அளவைச் சரியென்று நினைத்துப் பழகிவிடுவீர்கள்.

பாடத்துக்கு: கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் கலிஃபோர்னியா இன்ஸ்டிடியூட் ஆஃப் தி ஆர்ட்ஸின் கிராஃபிக் டிசைன் தொகுப்பு இருக்கிறது. அடிப்படை, எழுத்தமைப்பு, பட உருவாக்கம், வரலாறு, பிராண்ட் என்று வரிசை ஒழுங்காகப் போகும். ஐஐடி பாம்பேயின் ‘டி’சோர்ஸ்’ தளம் இலவசம். இவற்றில் உள்ள குறை, உங்கள் வேலையைப் பார்த்து ‘இது ஏன் சரியில்லை’ என்று சொல்ல ஆள் இல்லாதது. சக மாணவர் மதிப்பீடு பெரும்பாலும் ‘சூப்பர்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். ஆகவே காசு கட்டுவதானால் திருத்தத்துக்குக் கட்டுங்கள், வீடியோவுக்குக் கட்டாதீர்கள். எத்தனை பயிற்சிகளைத் தனித்தனியாகத் திருத்துவார்கள், மூலக் கோப்பைத் திறந்து பார்ப்பார்களா என்று சேரும் முன் கேளுங்கள். அவர்களுடைய பழைய மாணவர்களின் வேலை எல்லாம் ஒரே சாயலில் இருந்தால் சேராதீர்கள்.

வீடியோவைப் பார்த்துக்கொண்டே கூடச் செய்வது கற்றதாகாது. மறுநாள் வீடியோவை மூடிவிட்டு, வேறு வாசகத்தை வைத்து அதையே செய்து பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அதுதான் நீங்கள் படிக்க வேண்டிய பாடம்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு: சிவகாசி பக்கத்தில். ஆஃப்செட் அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள்கள் நாலைந்து கேட்டு வாங்கி, 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். நான்கு மை எப்படிச் சேருகிறது, துளி விலகினால் என்ன ஆகிறது என்பது எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாகப் புரியாது.

கேன்வா தெரிந்தால் போதாதா?
— வாசகி, ஓசூர்

சமூக வலைத்தளப் போஸ்டருக்குப் போதும். கடைக்காரரே அதைச் செய்துகொள்ள முடியும் என்பதால், அதை மட்டும் வைத்து ரொம்ப நாள் சம்பாதிக்க முடியாது.

ஆறு மாதமாகப் படிக்கிறேன். லோகோ, பேக்கேஜிங், யுஐ (செயலித் திரை வடிவமைப்பு), புத்தக வடிவமைப்பு என்று எல்லாமே பிடித்திருக்கிறது. எதில் இறங்குவது?
— வாசகி, கரூர்

பிடித்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு துறையிலும் அலுப்பூட்டும் பகுதி எது என்று பாருங்கள். அதைச் சலிக்காமல் செய்ய முடிகிற துறைதான் உங்களுடையது. மூன்று வாரம், மூன்று வேலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம், 100 கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட். கடையில் ஒன்று வாங்கிப் பிரித்து, விரித்து அளந்து, மடிப்பும் ஒட்டும் பகுதியும் எங்கே என்று கோடு போடுங்கள். ஒட்டும் பகுதியில் எழுத்து வரக்கூடாது. வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நிறம் நீள வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். பிறகு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண், பச்சைப் புள்ளிச் சின்னம், நிகர எடை, எம்ஆர்பி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் அடங்க வேண்டும். எடையைக் குறிக்கும் எண்ணின் உயரத்துக்குக்கூட விதி இருக்கிறது.

பார்கோடில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கடைப் பொருள்களில் இருக்கும் 13 இலக்க பார்கோடான இஏஎன்-13இன் இயல்பு அளவு 37.29 × 25.93 மி.மீ. 80 சதவீதம் வரை, அதாவது சுமார் 30 × 21 மி.மீ. வரை, சுருக்கலாம். அதற்குக் கீழே கூடாது. இரு பக்கமும் உள்ள வெற்றிடம் அதன் அங்கம். அழகுக்காக அதை வெட்டினால் ஸ்கேனர் திணறும். மிளகாய்த்தூள்தானே என்று கோடுகளைச் சிவப்பில் போட்டுவிடாதீர்கள். ஸ்கேனரின் ஒளியும் சிவப்பு, அதன் கண்ணுக்குச் சிவப்புக் கோடு வெள்ளையாகத்தான் தெரியும்.

இந்த வாரம் ரசித்துப் போனதென்றால் பேக்கேஜிங்கை யோசிக்கலாம்.

இரண்டாம் வாரம், மின்கட்டணம் கட்டும் செயலிக்கு நான்கு திரைகள், ஃபிக்மா என்ற திரை வடிவமைப்பு மென்பொருளில், தமிழிலும் ஆங்கிலத்திலும். ‘சப்மிட்’ அடங்கிய பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது. எழுத்தைச் சுருக்காமல் அமைப்பை மாற்றுங்கள். தொடும் இடம் ஆண்ட்ராய்டில் 48 டிபி (அதன் திரை அளவு அலகு) இருக்க வேண்டும், எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும். முடித்ததும் வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அவர் தடுமாறும்போது ‘இங்கே அமுக்குங்க’ என்று சொல்லாமல் உட்கார முடிந்தால் யுஐ ஒத்துவரும்.

மூன்றாம் வாரம், 16 பக்கச் சிறுகதைப் பிரசுரம். வரி முறியும் இடம், பக்கத் தலையில் அநாதையாக நிற்கும் ஒற்றை வரி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே உயரத்தில் வரிகள் என்று எல்லாம் பார்க்க வேண்டும். வாசிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இது தண்டனை.

லோகோவைச் சேர்க்கவில்லை. தொடக்கத்தில் அதை மட்டும் நம்பி இறங்குவது சரிப்படாது.

பாமினியில் டைப் செய்து அனுப்பினால் அச்சகத்தில் சரியாக வருகிறது. யுனிகோடில் செய்தால் எழுத்து உடைகிறது. நிறமும் மாறுகிறது. பாமினியிலேயே இருந்துவிடலாமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

வேண்டாம். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். தேட முடியாது, இணையத்திலும் பயன்படாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யுனிகோடில் எழுத்து உடைவதற்குக் காரணம் மென்பொருளின் அமைப்பு. ‘கொடி’யில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே போகாமல் பின்னே தொங்கினால், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் ‘ஷோ இன்டிக் ஆப்ஷன்ஸ்’ குறியிட்டு, பிறகு பத்திப் பலகத்தில் தெற்காசியக் கம்போசருக்கு மாற்றுங்கள். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளிலும் டைப் பகுதியிலேயே மாற்றலாம். எழுத்து இடைவெளியை இழுத்து வைக்காதீர்கள், கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகிவிடும்.

எழுத்துருவுக்கு முக்த மலர், கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

நிறம் மாறுவது திரையின் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி) நிறங்கள், அச்சின் சிஎம்ஒய்கேவுக்குள் (சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு மை) அடங்காததால். பளிச்சென்ற நீலம் மங்கி ஊதாப் பக்கம் சாயும். தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயில் வேலை செய்யுங்கள். கறுப்பு எழுத்தில் இன்னும் கவனம் தேவை: ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் ஆர்ஜிபி கறுப்பை மாற்றினால் அதே வரிசையில் 75, 68, 67, 90 சதவீதம் என்று நான்கு மையிலும் போய் நிற்கும். அச்சுத் தட்டு மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்து இரட்டையாகத் தெரியும். கே (கறுப்பு) 100, மற்ற மூன்றும் 0 என்று வையுங்கள்.

அனுப்பும் முன் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் எழுத்துகளை அவுட்லைனாக (வெறும் வடிவங்களாக) மாற்றுங்கள். அதற்குப் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, ஆகவே மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள்.