வண்டிச் சத்தத்துக்கே நெஞ்சு இறுகுகிறது

"எனக்கு 44 வயது. சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். இலை விலை இறங்கிய நாளில் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். வளைவில் அவர் பிக்கப் வண்டி கியர் மாற்றும் சத்தம் கேட்டாலே எனக்குத் தோள், தாடை, நெஞ்சு எல்லாம் இறுகிவிடுகிறது. வயிறு கலக்குகிறது, விரல் மரத்துப்போகிறது. அவர் வாயைத் திறப்பதற்குள் மகள்மேல் எரிந்து விழுந்துவிடுகிறேன். போன வருடம் என் அண்ணன் 51 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். தாடை வலித்தாலே மாரடைப்புதான் என்கிறார்கள் யூடியூபில். அட்ரினல் சோர்வாகவும் இருக்கலாமாம். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த, பதற்றத்துக்குப் போடும் அல்பிரசோலம் அரை மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது. என்ன செய்வது டாக்டர்?"
— வாசகி, கோத்தகிரி

அண்ணனுக்கு வந்தது தனக்கும் வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள் அம்மா. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு ஏற்றம் இருக்கும். கோத்தகிரிப் பக்கம் ஏற்றம் இல்லாத வீடு ஏது? இலை மூட்டையோ தண்ணீர்க் குடமோ தூக்கிக்கொண்டு அதில் ஏறும்போது நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல அழுத்துகிறதா? நின்றால் சில நிமிடங்களில் அடங்கி, மறுபடி நடந்தால் மறுபடி வருகிறதா? நெஞ்சில்தான் வர வேண்டும் என்றில்லை. தாடை, கை, மேல்வயிறு எங்கேயும் வரலாம். பெண்களுக்குச் சில சமயம் வெறும் மூச்சிரைப்பாகவும், காரணம் தெரியாத களைப்பாகவும் வரும். எந்த இடத்தில் வந்தாலும் ஏறும்போது வந்து நின்றால் போகிறது என்றால் அதை விடவே கூடாது. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் குறுகியிருந்தால், வேலை கூடும்போது ரத்தம் பற்றாமல் போகிறது. ஒரே ஒரு தடவை அப்படி வந்திருந்தாலும் மறுநாளே டாக்டரிடம் போங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜியில் இது தெரியாமல் போகலாம். "நார்மல்தான்" என்று சீட்டைக் கையில் கொடுத்தாலும், "ஏறும்போதுதான் சார் வருது" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் வந்து, வேர்த்துக்கொட்டினாலோ, சில நிமிடத்தில் விடவில்லை என்றாலோ உடனே 108. கேஸ் என்று சோடா குடித்து ஓமத்தை மென்றபடி காத்திருந்தே உயிரை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சொந்த வண்டியில் மேட்டுப்பாளையம், கோவை என்று இறங்கப் புறப்படாதீர்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகள் தருகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் அதில் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு இறங்குவது வேறு, போடாமல் இறங்குவது வேறு.

உங்கள் கடிதத்தில் ஏற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இறுக்கம் வண்டிச் சத்தத்துக்குத்தான் வருகிறது. அதில் எனக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதிக்குப் பரிசோதனை வேண்டும், ஏனென்றால் குறுகிய குழாய்க்குக் கோபமும் சுமைதான். கூடப் பிறந்த அண்ணன் 55 வயதுக்குள் மாரடைப்பில் இறந்திருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த வாரமே பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி பார்த்துவிடுங்கள்.

விரல் மரத்துப்போவது வேகமாக மூச்சு விடுவதால். கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறினால் விரல் சுருசுருக்கும், ஆபத்தில்லை. வயிற்றுக் கலக்கமும் அப்படித்தான். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துப்போகும் 'அட்ரினல் சோர்வு' என்று மருத்துவத்தில் ஒரு நோயே கிடையாது. அதற்கு டெஸ்ட் எழுதித் தரச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள். ராத்திரி யூடியூப் பார்ப்பதையும் விடுங்கள்.

இனி அந்த இறுக்கம். கோபத்திலும் பயத்திலும் அட்ரினலின் சுரந்து, உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராவதை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். நீங்கள் யோசிப்பதற்கு முன்பே தோள் தயாராகிவிடுகிறது. அவர் முகம் இறுகியிருப்பது இலை விலையால். உங்கள் தோளோ தன்னைத்தான் திட்ட வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த இறுக்கத்தில் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு மகளுக்குப் போய்விடுகிறது.

இங்கே இன்னொரு சிக்கல் குளிர். சால்வைக்குள் நாள் முழுக்கத் தோளை ஒடுக்கிக்கொண்டே திரிகிறோம். தளர்ந்த தோள் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருக்கும். அதனால் காலையில், மனசு அமைதியாக இருக்கும்போது, அடுப்புக்கு முன்னால் நின்று தோளை வேண்டுமென்றே காதுவரை தூக்கி, ஐந்து எண்ணி, தொப்பென்று விடுங்கள். பல்லையும் அதேபோல லேசாகக் கடித்து விடுங்கள். இறுக்கத்தையும் தளர்வையும் தசைக்குப் பழக்கும் இந்த முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற டாக்டர் ஏறக்குறைய 100 வருடங்களுக்கு முன்பு வகுத்தார். இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள்.

அப்புறம், சாயங்காலம் வளைவில் கியர் மாறும் சத்தம் கேட்டதும் உங்கள் கையைப் பாருங்கள். கரண்டியைப் பிடித்த பிடியில் நகம் வெளுத்திருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நாக்கைத் தளர்த்தி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். இழுத்து இழுத்து விட்டால் விரல் மறுபடி மரத்துப்போகும், வெளியே விடுவதில்தான் நிதானம் வேண்டும். மூன்று நான்கு மூச்சுக்குள் வண்டி வாசலுக்கு வந்துவிடும். இறுக்கம் முழுசாகப் போயிருக்காது. பரவாயில்லை, இறுகியிருக்கிறோம் என்று தெரிந்தால் போதும். மகளைக் கூப்பிடுவதற்கு முன், "இன்னைக்கு இலை என்ன விலை போச்சுங்க?" என்று அவரிடம் கேட்டுவிடுங்கள்.

அவர் கை ஓங்குவார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதக் கூச்சப்பட்டு விட்டிருந்தால், உங்கள் உடம்பு பயப்படுவது நியாயம்தான். மூச்சுப் பயிற்சி அதற்கு மருந்தில்லை. 181-க்கு போன் செய்யுங்கள், பெண்களுக்கான உதவி எண் அது.

கடைசியாக அந்த அரை மாத்திரை. அக்கா நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார், ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையிலேயே விற்கக் கூடாத மருந்து அது. உடம்புக்குப் பழகிவிடும். பழகியபின் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். எப்போதோ ஒன்றிரண்டு தடவை போட்டிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் தினமும் போட்டு வந்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈசிஜி எடுக்கப் போகும்போது அட்டையையும் கையோடு கொண்டுபோய், எத்தனை நாளாக, எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார்.