பராசக்தி, சராஃபினா, பரியேறும் பெருமாள்: எந்தப் படம் தன் அரசியலை அதிகமாக அழுத்திச் சொல்கிறது?

வசனத்தை வைத்துச் சொன்னால் 'பராசக்தி'தான் (1952). கலைஞர் கருணாநிதியின் வசனத்தோடு சிவாஜி நீதிமன்றத்தில் நின்று சமூகத்தையே குற்றவாளி ஆக்குகிறார். பார்ப்பவர் மறுபக்கம் யோசிக்க இடமே விடுவதில்லை. ஆனால் அதைப் பிரச்சாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டில் அந்தக் காட்சி ஓடும்போது, இனவாரியாக மக்களைத் தனித்தனிப் பகுதிகளில் குடியிருக்க வைத்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீடு இழந்து இங்கே வந்த எங்கள் ஆயா அரிசி புடைக்கும் முறத்தை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுவார். தன் வழக்கை யாரோ வாதாடுவதுபோல அவருக்கு இருந்தது.

'சராஃபினா' (1992) பாட்டும் ஆட்டமுமான படம். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் வாழும் சோவெட்டோவில் 1976-இல் நடந்த மாணவர் எழுச்சிதான் பின்னணி. பள்ளியில் வெள்ளை ஆட்சியாளர்களின் ஆஃப்ரிகான்ஸ் மொழியைத் திணித்ததை எதிர்த்த பிள்ளைகள் சுடப்பட்டது நடந்த சம்பவம். அதை உள்ளபடி காட்டுவதைக் கருத்துத் திணிப்பு என்று எப்படிச் சொல்வது?

சரி, சாதிக் கொடுமையைப் பேசும் 'பரியேறும் பெருமாள்' (2018)? மாரி செல்வராஜ் கடைசியில் இரண்டு டீ கிளாஸ்களையும் நடுவே ஒரு பூவையும் காட்டி முடித்துவிடுகிறார். மூன்றில் குரலை மிகவும் தாழ்த்திப் பேசும் இடம் அது. எனக்கு அன்று தூக்கம் வராமல் செய்ததும் அதுதான்.