நான்கு ராக்கெட், பத்து மெட்கிட்

வணக்கம் சார்,

பழைய புத்தகக் கடையில் ‘ஃப்ரீவே ஃபைட்டர்’ கேம்புக் கிடைத்தது. பகடை உருட்டி, எண் போட்ட பத்திகளுக்குத் தாவித் தாவி, வாசகரே நாயகனாக ஆடும் கதைப் புத்தகம். பள்ளிக்கூட நாட்களில் நாலைந்து பக்கங்களில் விரலைச் செருகிக்கொண்டு, செத்தால் முந்தின பத்திக்கே திரும்பி ஓடிப் படித்த புத்தகம். இப்போது பகடையை உருட்டி விதிப்படி ஆட உட்கார்ந்தால் பாதி வழியைக்கூடத் தாண்ட முடியவில்லை. எதிரி கார் ஒன்று வந்தால் பத்துப் பதினைந்து சுற்று உருட்ட வேண்டியிருக்கிறது. ஜெயித்தாலும் அடுத்த காருக்கு ஆர்மர் (காரின் கவசப் புள்ளிகள்) மிஞ்சுவதில்லை. கோளாறு புத்தகத்திலா, என் ஆட்டத்திலா? ராக்கெட்டை எப்போது சுடுவது? இதே ரகத்தில் வேறு என்ன வாசிக்கலாம்? கதை முடிச்சை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கோளாறு உங்கள் ஆட்டத்தில் இல்லை. புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. எதிரி கார்களைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். ஆட்டத்தின் தலைவிதி அதற்கு வெகுமுன்னே, ஃபயர்பவருக்காக (காரின் சுடுபலம்) உருட்டும் அந்த ஒற்றைப் பகடையிலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது.

புத்தகத்தைத் தெரியாதவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முன்கதை. இயன் லிவிங்ஸ்டன் எழுதி 1985இல் பஃபின் வெளியிட்டது, ஃபைட்டிங் ஃபேன்டசி வரிசையில் 13ஆவது. அந்த வரிசையில் 400 பத்திகள் என்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டிருந்தது, இதில் 380தான். வாளும் பூதமும் கிடையாது. பெயர் தெரியாத கொள்ளைநோய் ஒன்று நாலே நாளில் உலக மக்களில் 85 சதவீதம் பேரைக் கொன்றுவிட்டது. நியூ ஹோப் என்கிற வேலி போட்ட ஊரில் தானியம் இருக்கிறது, பெட்ரோல் இல்லை. தெற்கே சான் ஆங்கிலோவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, சோறு இல்லை. தானியத்துக்குப் பதில் 10,000 லிட்டர் பெட்ரோல் என்று பேச்சு. நடுவில் இருக்கும் சாலை முழுக்கக் கொள்ளைக் கூட்டம். ஆயுதம் பூட்டிய டாட்ஜ் இன்டர்செப்டரில் நீங்கள் கிளம்புகிறீர்கள்.

கதை நடக்கும் 2022 நமக்குக் கடந்துபோய்விட்டதால் இந்த முன்கதையைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் புத்தகத்தின் பலமான பகுதி. சீலிட்டு வைக்காத பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட ஆரம்பிக்கும். ஆளில்லாத பங்க்குகளை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஆலையோடு பண்டமாற்று என்பது அதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ எடை. 10,000 லிட்டர் என்றால் ஏழரை டன் அளவுக்கு வரும், டேங்கர் லாரி இல்லாமல் நகராது. ‘மேட் மேக்ஸ்’ படங்களின் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. அதை ஒளிக்க ஆசிரியரும் சிரமப்படவில்லை.

இனி கணக்கு. காருக்கு இரண்டு எண்கள். ஃபயர்பவர் ஒரு பகடை கூட்டல் 6, அதாவது 7 முதல் 12 வரை. ஆர்மர் இரண்டு பகடை கூட்டல் 24, அதாவது 26 முதல் 36 வரை, சராசரி 31. சண்டை வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரப்புக்கும் இரண்டிரண்டு பகடை. அவரவர் ஃபயர்பவரைக் கூட்டி, யாருக்கு அதிகமோ அவர் அடித்ததாகக் கணக்கு. அடி விழுந்தால் இன்னொரு பகடை, அதில் வருவது ஆர்மரில் கழியும். சமமாக வந்தால் யாருக்கும் சேதமில்லை.

இதைப் படித்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஒரு சண்டையைப் பிரித்துப் பாருங்கள். எதிரியின் ஃபயர்பவர் 8, ஆர்மர் 20 என்று வைத்துக்கொள்வோம் (புத்தகத்தில் வரும் காரைச் சொல்லவில்லை, கணக்குக்காக ஒன்று). உங்களுக்கும் 8 என்றால் ஒரு சுற்றில் நீங்கள் அடிக்க 44 சதவீதம், அவர் அடிக்க 44, மீதி 11 சமன். 20 ஆர்மரைக் கரைக்க ஆறு அடிக்குச் சற்று மேல் வேண்டும். அதற்குச் சராசரியாக 14 சுற்று ஆகும், அதற்குள் உங்கள் ஆர்மரில் 22 போயிருக்கும். பதினைந்து சுற்று உருட்டுகிறேன், அடுத்த காருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது துரதிர்ஷ்டம் இல்லை. சம பலக் கார்கள் மோதினால் அப்படித்தான் முடியும்.

உங்கள் ஃபயர்பவர் 9 ஆனால் அதே சண்டைக்கு 13 ஆர்மர் போதும். 10 என்றால் 8. 11 என்றால் 4 அல்லது 5. 12 இருந்தால் இரண்டரை, கிட்டத்தட்டக் கீறல். கீழ்ப்பக்கம் பாருங்கள். பகடையில் ஒன்று விழுந்து ஃபயர்பவர் 7 ஆகிவிட்டால் அதே எதிரியை முடிக்கச் சராசரியாக 36 ஆர்மர் தேவை. 36 என்பது இந்த விளையாட்டில் கிடைக்கக்கூடிய உச்ச ஆர்மர்! 7க்கும் 8க்கும் நடுவில் இருக்கும் ஒரே புள்ளி 14 ஆர்மருக்குச் சமம். ஆர்மருக்காக உருட்டும் இரண்டு பகடைகளின் மொத்த ஏற்ற இறக்கமே 10தான். அந்த இரண்டில் இரட்டை ஆறு விழுந்தது என்று துள்ளுகிறோம், பக்கத்தில் ஃபயர்பவர் 7 என்று எழுதியிருப்பதைக் கவனிப்பதில்லை.

ஆக, விதியைத் தொடாமல் ஆடுவதானால் ராக்கெட்தான் வழி. தொடக்கத்தில் நான்கு இருக்கின்றன. உருட்டல் எதுவும் வேண்டாம், சுட்டால் எதிர்க் கார் காலி. பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்த்து, பயங்கரமாக வரைந்திருக்கும் காருக்காகப் பத்திரப்படுத்துகிறார்கள். படத்தைப் பார்க்காதீர்கள், இரண்டு ஃபயர்பவரையும் கழித்துப் பாருங்கள். இருவருக்கும் சமம் என்றால் ராக்கெட் மிச்சப்படுத்தும் ஆர்மர், எதிரியின் ஆர்மரை விட ஓரிரண்டு கூடுதல். உங்களுக்கு ஒன்று அதிகம் என்றால் அதில் 60 சதவீதம். இரண்டு அதிகம் என்றால் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். மூன்று அதிகம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அங்கே ராக்கெட் சுடுவது வீண். எதிரிக்கு ஒன்று அதிகம் என்றால் ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டு அதிகம் என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு, அங்கே யோசிக்கவே கூடாது. முடிவை முதல் சுற்றுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பத்து ஆர்மரை இழந்த பிறகு சுடும் ராக்கெட், அந்தப் பத்தைத் திருப்பித் தராது.

காரில் இருக்கும் இரும்பு முள்ளும் எண்ணெயும் பின்னால் துரத்துகிறவர்களுக்கானவை. புத்தகத்தின் பத்தி அவற்றைக் கேட்கும்போது தயங்காமல் கொட்டிவிடலாம். கடைசிவரை சேர்த்து வைப்பதில் லாபமில்லை.

இப்போது காரிலிருந்து இறங்குவோம். ஆளுக்கு ஸ்கில் (திறமை), ஸ்டாமினா (உடல் தெம்பு), லக் (அதிர்ஷ்டம்) என்று மூன்று எண்கள். இந்த வரிசையின் மற்ற புத்தகங்களில் ஸ்டாமினா இரண்டு பகடை கூட்டல் 12. இதில் 24. தாராளம் என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கிச் சண்டையில் ஒரு குண்டுக்கு ஒரு பகடை கழிகிறது, வாள் வெட்டுக்கு 2 என்ற பழைய கணக்கு இல்லை. கைச்சண்டையோ வேறு மாதிரி. ஒரு குத்துக்கு ஒரு புள்ளிதான், யார் முதலில் 6 புள்ளி இழக்கிறாரோ அவர் மயங்கி விழுந்தார் என்று சண்டை முடியும். பலர் இதை மறந்து ஸ்டாமினா பூஜ்யமாகும் வரை குத்திக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டாவது வழக்கமான தவறு, காருக்குள் இருக்கும்போது ஸ்கில்லைக் கூட்டுவது. அங்கே ஃபயர்பவர் மட்டும்தான்.

முக்கியமான விஷயம், கையில் இருக்கும் பத்து மெட்கிட், அதாவது மருந்துப் பெட்டி. ஒன்றுக்கு 4 ஸ்டாமினா, ஆக 40. உருட்டி வரும் உச்ச ஸ்டாமினாவே 36தான். அதாவது உங்கள் ஆளுக்கு உள்ளே இன்னொரு முழு ஆள் இருக்கிறார். காருக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது, மெட்கிட்டைத் தகரத்தில் ஒட்ட முடியாது. கார் சண்டைப் புத்தகம் என்று பெயர் எடுத்த இதில் பலவீனமான பாத்திரம் கார்தான். ஆகவே பத்தி உங்களைக் கேட்கும்போது, காருக்குள் இருந்தே மோதுவதா, இறங்கிப் பார்ப்பதா என்று சந்தேகம் வந்தால் இறங்குங்கள். இறங்கினால்தான் பொருளும் கிடைக்கும். வழியில் பெட்ரோல் தேடிச் சேர்க்காதவருக்கு எந்த எதிரியும் தேவையில்லை, கார் தானாக நின்று கதை முடியும். ஸ்டெப்னி சக்கரத்தையும் மறக்காமல் எழுதி வையுங்கள். ஓட்டிக்கொண்டே போனால் பத்திரம் என்று நினைப்பவரை இந்தப் புத்தகம் சத்தமில்லாமல் தண்டிக்கிறது.

லக்கைச் சில்லறை மாதிரிச் செலவழிக்காதீர்கள். சோதிக்கும் (இரண்டு பகடையின் கூட்டு லக் எண்ணைத் தாண்டாமல் விழுகிறதா என்று பார்க்கும்) ஒவ்வொரு தடவையும், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்று குறையும். 9இல் தொடங்கினால் முதல் சோதனைக்கு 83 சதவீதம், பிறகு 72, 58, நான்காவதில் 42. மூன்று தடவைக்குப் பிறகு அது அதிர்ஷ்டமே இல்லை.

சலிப்புக்கு ஒரு மருந்து, முடிவை ஒரு துளியும் மாற்றாதது. எதிரிக்கு இரண்டு, எனக்கு இரண்டு என்று உருட்ட வேண்டாம். நான்கு பகடையையும் ஒன்றாக உருட்டுங்கள். வந்த கூட்டுத்தொகையோடு உங்கள் ஃபயர்பவரைக் கூட்டி எதிரியின் ஃபயர்பவரைக் கழியுங்கள். 14க்கு மேல் வந்தால் உங்கள் அடி, கீழே வந்தால் அவர் அடி, சரியாக 14 என்றால் சமன். எதிரியின் இரண்டு பகடையை 14இலிருந்து கழித்தாலும் அதே பரவல்தான் வரும், அதனால் சதவீதங்கள் அச்சாக அப்படியே இருக்கும். நிறம் மாறிய ஐந்தாவது பகடை ஒன்றையும் சேர்த்து உருட்டினால் சேதமும் அதே வீச்சில் தெரிந்துவிடும். ஒரு சுற்று ஐந்து நொடி. வீட்டில் இருக்கும் தாயக்கட்டை இதற்கு உதவாது, ஆறு பக்கப் பகடைதான் வேண்டும்.

விதியில் கை வைக்கத் தயார் என்றால் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். ஃபயர்பவர் 9க்குக் கீழே வந்தால் 9 என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆர்மரைக் கூட்டுவது சண்டையை நீட்டுமே தவிரச் சீர்செய்யாது. விரலைச் செருகி ஆடும் பழைய முறையையும் நான் பாவமாகக் கருதவில்லை. ஆனால் அதில் பெட்ரோலைத் தேட வேண்டிய பதற்றம் போய்விடுகிறது, இந்தப் புத்தகத்தில் பாதி சுவை அதுதான்.

திரும்பத் திரும்ப ஆடுவதற்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். பத்தி எண், அங்கிருந்து போகும் எண்கள், கிடைத்த பொருள், எதிரியின் எண்கள், ஆக நான்கு கட்டங்கள். செத்த இடத்தில் பெருக்கல் குறி. போகாத கிளைக்கு அடிக்கோடு. புத்தகத்தின் முன்னால் இருக்கும் அட்வென்ச்சர் ஷீட்டில் (புள்ளிகளைக் குறிக்கும் பக்கம்) எழுதாதீர்கள், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின சொந்தக்காரர் பென்சிலில் எழுதியிருந்தால் மென்மையான ரப்பரால் ஒரே திசையில் தேயுங்கள், அந்தக் காலத்துத் தாள் முன்னும் பின்னும் தேய்த்தால் பஞ்சாகப் பிரியும். முதுகுப் பசை காய்ந்திருக்கும். மேசையில் தட்டையாக விரித்து அழுத்தினால் பக்கங்கள் கொத்தாகக் கழன்றுவிடும், கையில் பாதி திறந்து பிடிப்பதே நல்லது. கெவின் பல்மரின் உள்படங்களுக்காகவாவது அந்தப் பக்கங்கள் உதிராமல் இருக்க வேண்டும்.

வேறு என்ன வாசிக்கலாம் என்றீர்கள். லிவிங்ஸ்டன் இந்தக் களத்துக்கு முதலில் வந்தது புத்தகத்தோடு இல்லை. கேரி சாக்குடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘பேட்டில்கார்ஸ்’ போர்டு கேமை 1983இலேயே கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்டது. அமெரிக்காவில் ‘கார் வார்ஸ்’ என்கிற கார் சண்டை விளையாட்டு அதற்கும் முன்னால் வந்தது, பிறகு அதன் பெயரில் கேம்புக்குகளும் வந்தன. பழைய புத்தகம் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்டீவ் ஜாக்சன் என்று இரண்டு பேர். ஃபைட்டிங் ஃபேன்டசியை லிவிங்ஸ்டனுடன் தொடங்கியவர் பிரிட்டிஷ்காரர், ‘கார் வார்ஸ்’காரர் அமெரிக்கர். அந்த அமெரிக்கரும் ஃபைட்டிங் ஃபேன்டசியில் சில புத்தகங்கள் எழுதிக் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறார். 2017இல் டைட்டன் காமிக்ஸ் ‘ஃப்ரீவே ஃபைட்டர்’ பெயரில் நான்கு இதழ் காமிக்ஸும் கொண்டுவந்தது. ஆண்டி எவிங்டன் எழுத்து, சைமன் கோல்பி ஓவியம்.

நீங்கள் அடுத்து எடுக்க வேண்டியது என்று நான் சொல்வது ஜோ டெவரின் ‘ஃப்ரீவே வாரியர்’. 1988, 89இல் நான்கு புத்தகங்கள். டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியா வரை ஒரே பயணம், கால் ஃபீனிக்ஸ் என்று ஒரே நாயகன். பகடை தேவையில்லை, கடைசிப் பக்கத்து எண் அட்டவணையில் பென்சிலால் கண்ணை மூடிக் குத்தினால் போதும். தோட்டாவை எண்ணி எண்ணிச் சுட வேண்டும். ஒரு புத்தகத்தில் சேர்த்த பொருளும் திறமையும் அடுத்ததுக்கு வரும், ஆகவே கடையில் மூன்றாவது மட்டும் கிடைத்தால் வாங்கிப் பெட்டியில் வையுங்கள், ‘ஹைவே ஹோலோகாஸ்ட்’ என்கிற முதல் புத்தகம் கைக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.