80,000 டாலருக்கு ஒரு பிக்கப் டிரக்: கேள்வி பதில்

அமெரிக்காவில் விலை உயர்ந்த பிக்கப் வாங்குவதில் நியாயம் உண்டா என்று இங்குள்ள நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். பல வருஷமாக டிரக் ஓட்டுகிறேன், டிரெய்லர் இழுக்கிறேன். வாங்கப் போகிறவர்களோடு டீலரிடம் போய் உட்கார்ந்து கணக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். எனக்கு இந்த வண்டிகள் மேல் பிரியம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மண்ணும் மரமும் ஏற்றுகிற வண்டிக்கு எதுக்கு சார் மசாஜ் சீட்? சாதா மாடல் 40,000 டாலர் பக்கத்தில் கிடைக்கும்போது இரண்டு மடங்கு கொடுப்பது வீண் இல்லையா?

1925-இல் ஃபோர்டு தன் மாடல் டி காரில் பின்பெட்டியைத் தானே பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அதற்குப் பிறகு வெகுகாலம் பிக்கப் என்றால் ரப்பர் தரை, வினைல் சீட், ஒரே வரிசை இருக்கை. நான்கு கதவு கேபின் பரவலானபோதுதான் நிலைமை மாறியது. காலையில் சைட்டுக்குப் போகிற அதே வண்டியில் மாலையில் பிள்ளைகளை ஏற்றலாம் என்று ஆனதும், வீட்டுக் காருக்கு என்று ஒதுக்கிய பணமும் டிரக்குக்கே வந்து சேர்ந்தது. 2001 மாடலில் ஃபோர்டு, டெக்சாஸின் பெரிய மாட்டுப் பண்ணையான கிங் ராஞ்ச் பெயரில் சேணத் தோல் மாதிரி சீட் போட்டு விற்றது. இன்று ஜி.எம்.சி. டெனாலி அல்டிமேட், ராம் டங்ஸ்டன், டொயோட்டா டண்ட்ரா கேப்ஸ்டோன் என்று சொகுசு டிரிம்கள் வரிசையாக நிற்கின்றன. டிரிம் என்றால் ஒரே மாடலில் வசதிக்கு ஏற்ப விலை மாறும் ரகம்.

அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். வண்டியின் அடிச்சட்டம் அதேதான், கியர்பாக்ஸ் பெரும்பாலும் அதேதான். பணத்தில் பெரும்பகுதி கேபினுக்குள் போகிறது: தோல், காற்று வீசும் சீட், சத்தம் தடுக்கும் கண்ணாடி, பெரிய திரை, நெடுஞ்சாலையில் கை வைக்காமல் ஓட்டும் வசதி. ஆக நீங்கள் வாங்குவது வேலைத் திறனை அல்ல, அதற்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தை. ஒரு கான்டிராக்டர் அதற்குள்தான் சாப்பிடுகிறார், எஸ்டிமேட் போடுகிறார், ஆட்களிடம் பேசுகிறார், சைட்டுக்கு சைட் மணிக்கணக்காக ஓட்டுகிறார். வியர்வை சிந்துகிறவர் வினைல் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. நாளெல்லாம் வண்டியில் இருப்பவருக்கு இது வீண் செலவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அதே காசுக்கு மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ வாங்கலாமே அண்ணா? டிரக்கில் அப்படி என்ன கவர்ச்சி?

வேலை எடுத்துச் செய்பவர் மெர்சிடிஸில் போய் இறங்கினால், வீட்டுக்காரர் மனசுக்குள் "இந்தக் காரு நம்ம காசுலதான் ஓடுது" என்று கணக்குப் போடுவார். அதே விலையுள்ள டிரக்கில் போய் இறங்கினால், தொழில் நன்றாக நடக்கிறது, ஆள் நம்பகமானவர் என்று நினைப்பார். வசதியைக் காட்டலாம், யார் கண்ணையும் உறுத்தாது. இந்த வண்டிகளின் கவர்ச்சியில் பாதி இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் அது உண்மையில் டிரக்காக இருக்க வேண்டும். லிங்கன் நிறுவனம் 2002 மாடலாக பிளாக்வுட் என்று ஒன்று கொண்டுவந்தது. பின்பெட்டிக்குள் கார்ப்பெட்! மேலே மோட்டாரில் திறக்கும் மூடி, ஃபோர் வீல் டிரைவ் கிடையவே கிடையாது. மண் அள்ளிப் போட முடியாத பிக்கப்பை யார் வாங்குவார்கள்? அமெரிக்காவில் ஒரே மாடல் வருஷத்தோடு முடிந்தது. நிசான் நவாராவை அடிப்படையாக வைத்து மெர்சிடிஸ் 2017-இல் விட்ட எக்ஸ் கிளாஸ் அமெரிக்காவுக்கு வரவே இல்லை, 2020-இல் உற்பத்தியே நின்றது. சொகுசு கார்க்காரர்கள் பின்பெட்டி ஒட்டியது எடுபடவில்லை. டிரக் கம்பெனிகள் சொகுசைச் சேர்த்தது பிய்த்துக்கொண்டு போகிறது.

கேள்வி: நாங்கள் நாலு பேர். 8,000 பவுண்ட் கேம்பர் டிரெய்லர் வாங்கப் போகிறோம். விலை கூடின டிரிம்தானே அதிகம் இழுக்கும்?

இல்லை, பெரும்பாலும் நேர்மாறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் இது.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூண் பக்கத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு எண் போட்டிருப்பார்கள். அதுதான் பேலோட். வண்டி தாங்கக்கூடிய மொத்த எடையில் வண்டியின் சொந்த எடை போக மிச்சம். கண்ணாடிக் கூரை, மோட்டார் படிக்கட்டு, மசாஜ் மோட்டார், 22 அங்குலச் சக்கரம் எல்லாம் சொந்த எடையைக் கூட்டும், மிச்சம் குறையும். சாதா டிரிமில் 1,900 பவுண்ட் என்று எழுதியிருக்கும் அதே வண்டியின் உச்ச டிரிமில் 1,350 என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இப்போது உங்கள் கணக்கு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை வண்டியின் கொக்கி மேல் இறங்கும். 8,000 பவுண்டுக்கு நடுவாக 1,000 என்று வைத்துக்கொள்வோம். 1,350-இல் அது போனால் மிச்சம் 350. நீங்களும் மனைவியும் ஏறி உட்கார்ந்ததும் அது ஏறக்குறைய தீர்ந்துவிடும். பிள்ளைகள் இன்னும் ஏறவில்லை, ஐஸ் பெட்டி வைக்கவில்லை, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் இரும்பின் எடையைச் சேர்க்கவில்லை. விளம்பரத்தில் "12,000 பவுண்ட் இழுக்கும்" என்று போடுவது பொய் இல்லை. ஆனால் அது குறிப்பிட்ட எஞ்சின், குறிப்பிட்ட ஆக்சில் விகிதம் கொண்ட ஒரு வண்டிக்கு. நீங்கள் வாங்கும் வண்டிக்கு என்ன என்பதை ஸ்டிக்கர்தான் சொல்லும்.

ஒரே டிரிமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில் கூட எண் மாறும். டீலர் லாட்டில் கதவைத் திறந்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். உங்கள் குடும்பத்துக்கு நடு டிரிம், அல்லது அதே பணத்தில் 2500 ரகம், அதாவது அதிகச் சுமை தாங்கும் பெரிய டிரக். அது கொஞ்சம் குதிக்கும், ஆனால் மலைப்பாதையில் இறங்கும்போது நிம்மதியாக ஓட்டலாம்.

கேள்வி: சொந்த பிசினஸ் இருக்கு. 6,000 பவுண்டுக்கு மேலே இருந்தா மொத்த விலையையும் வரியில் கழிச்சிடலாம், வண்டி ஓசி மாதிரின்னு ஒருத்தர் சொல்றார். நிஜமா?

பாதி நிஜம். செக்‌ஷன் 179 விதியில் மொத்த எடை மதிப்பீடு (வண்டியும் சுமையும் சேர்ந்து தாங்கக்கூடிய உச்ச எடை) 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்குச் சலுகை உண்டு. பாதிக்கு மேல் தொழிலுக்கு ஓட வேண்டும். தொழிலுக்கு ஓடிய பங்குக்குத்தான் கழிவு, மைல் கணக்கை எழுதி வைக்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று: பின்பெட்டியின் உள்நீளம் 6 அடிக்குக் குறையாமல் இருந்தால்தான் எஸ்.யு.வி.களுக்கான கழிவு உச்சவரம்பு அந்த விதியில் பொருந்தாது. சொகுசு டிரிம்கள் பெரும்பாலும் ஐந்தரை அடிப் பெட்டியோடுதான் வருகின்றன. மற்ற தேய்மான விதிகளும் உண்டு, உங்கள் கணக்காளரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

"ஓசி" என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். 80,000 முழுவதையும் கழித்து, உங்கள் வரி விகிதம் 24 சதவீதம் என்றால், மிச்சமாவது 19,200. பாக்கி 60,800 உங்கள் கையிலிருந்துதான் போகிறது.

கேள்வி: விலை கூடினால் எஞ்சின் நம்பகமாக இருக்குமா?

இருக்காது. ஜி.எம். 2025-இல் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்காக அமெரிக்காவில் மட்டும் 6 லட்சத்துக்கு நெருக்கமான வண்டிகளைத் திரும்ப அழைத்தது; அந்த எஞ்சின் உயர்ந்த டிரிம்களில்தான் அதிகம் வரும். டொயோட்டாவும் 2024-இல் உலோகத் துகள் பிரச்சினைக்காக ஒரு லட்சம் வண்டிகளை அழைத்தது, அவற்றில் டண்ட்ராவும் உண்டு. இதற்கு மேல் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) இருந்தால், வாரண்டி முடிந்தபின் வரும் செலவையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: என் கணவர் வாங்கியே ஆகணும்னு நிக்கிறார். ஆபீஸ், கடை, அவ்வளவுதான் எங்க ஓட்டம். வருஷத்துக்கு ஒரு தடவை சோபா ஏத்தணுமாம். நீங்களே சொல்லுங்க அண்ணா.

அம்மா, வருஷத்துக்கு ஒரு சோபாவுக்கு டிரக்கை வாடகைக்கு எடுக்கலாம். அவருக்கு ஆசை. ஆசைப்பட்டு வாங்குவதில் தப்பில்லை, ஆனால் சோபாவைச் சாக்கு வைத்தால் கணக்கு தடம் மாறிவிடும். ஆசைக்கு இவ்வளவு கொடுக்கிறோம் என்று இரண்டு பேரும் தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

80,000 டாலரை 7 சதவீத வட்டியில் 84 மாதத்துக்குக் கடன் வாங்கினால் மாதம் சுமார் 1,207 டாலர். வட்டி மட்டும் 21,000-க்கு மேல். டீலர் மாதத் தவணையை மட்டுமே பேசுவார், நீங்கள் மொத்தத்தைக் கேளுங்கள். பிறகு கராஜை அளந்து பாருங்கள். ஃபோர்டின் நான்கு கதவு எஃப்-150, ஐந்தரை அடிப் பெட்டியோடு 19 அடிக்கு மேல் நீளம்.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். காப்பீட்டுக் கம்பெனிகளின் பணத்தில் சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமெரிக்க அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்க பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டிகள் மோதினால், தாழ்வான சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட நடந்து போகிறவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். வண்டிக்கு மிக அருகே முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படாமலே போகலாம். வாங்கினால் முன் கேமரா இருக்கிற வண்டியாக வாங்குங்கள், தெருவில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இங்கே சின்ன, மலிவான பிக்கப் ஏன் கிடைப்பதில்லை?

ஒரு காரணம் 1964-இல் வந்தது. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட, பதிலுக்கு அமெரிக்கா இறக்குமதி டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை ஓய்ந்தும் டிரக் வரி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. போட்டி குறைந்த இடத்தில் கம்பெனிகள் லாபம் அதிகமுள்ள பெரிய வண்டிகளையே செய்தன. ஆனால் சின்ன வண்டியை வாங்க ஆள் இல்லாமல் இல்லை: ஃபோர்டு 2022 மாடலாக மேவரிக்கை 20,000 டாலருக்குச் சற்றுக் கீழே விட்டபோது, ஆர்டர் குவிந்து பதிவையே நிறுத்தி வைத்தார்கள்.

கேள்வி: சொகுசு அம்சங்களில் உண்மையாகவே காசு பெறுமானது எது?

டிரெய்லர் கேமராக்கள். இன்னொரு ஆள் கை காட்டாமல் தனியாகவே பின்னால் வந்து கொக்கியை மாட்ட முடிகிறது. வெயில் ஊரில் காற்று வீசும் சீட். எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியிலேயே இருக்கும் ஜெனரேட்டர். 2021 எஃப்-150 ஹைப்ரிடில் 7.2 கிலோவாட் வரை கிடைத்தது. அந்த பிப்ரவரியில் டெக்சாஸ் உறைபனியில் மின்சாரம் போனபோது, லாட்டில் நின்ற அந்த வண்டிகளை மக்களுக்கு இரவல் கொடுக்கச் சொல்லி ஃபோர்டே டீலர்களைக் கேட்டுக்கொண்டது. இவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டின் லேரியட், ஜி.எம்.சி.யின் எஸ்.எல்.டி., ராமின் லாரமி போன்ற நடு டிரிம்களிலேயே கிடைக்கும். என் காசு என்றால் அங்கேதான் நிறுத்துவேன். 22 அங்குலச் சக்கரத்துக்கு ஒரு டாலர் கூடக் கொடுக்க மாட்டேன்: டயர் விலை அதிகம், பள்ளத்தில் விழுந்தால் ரிம் போகும்.

கேள்வி: டெனாலி எடுத்தாச்சு சார். பின்னாடி சாமான் ஏத்தவே மனசு வரல, கீறல் விழுந்துடுமேன்னு.

பின்பெட்டிக்குள் ஸ்பிரே லைனர் என்ற பாதுகாப்புப் பூச்சு அடித்துவிடுங்கள், உடனே வேலைக்கு விடுங்கள். ஜல்லி ஏற்றுவதாக இருந்தால் அரை கன யார்டுக்கு மேல் வேண்டாம். ஒரு முழு யார்டு 2,500 பவுண்டைத் தாண்டிவிடும். அந்த அரை யார்டுக்கும் முதலில் கதவு ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.