வாசகர் கேள்விகள்: குடல் நலம்

கேள்வி: குழந்தை பிறந்து மூன்றாம் நாள்தான் முதல் மலம் கழித்தது. இப்போது நான்கு மாதம். ஆசனவாயில் மருந்து வைத்தால்தான் போகிறது, வயிறும் உப்புகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது சகஜம்தானா?

பதில்: சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். நிறைமாதக் குழந்தைகள் ஏறக்குறைய எல்லாமே 48 மணி நேரத்துக்குள் கரும்பச்சை நிற முதல் மலத்தைக் கழித்துவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் போகாமல் இருப்பதுண்டு. ஆனால் வயிறு மெத்தென்று இருக்கும்; போகும்போது இளகலாக, தானாகவே போகும். உங்கள் குழந்தைக்கு அப்படி இல்லையே.

ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயா என்று பார்த்தாக வேண்டும். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது இது. கருவில் குடலின் நரம்பணுக்கள் மேலிருந்து கீழே இறங்கி வரும். அவை பாதியில் நின்றுவிட்டால், ஆசனவாயை ஒட்டிய குடல் விரியத் தெரியாமல் இறுகியே கிடக்கும். எக்ஸ்ரே படத்தில் வீங்கித் தெரிவது நல்ல குடல்; கோளாறு அதற்குக் கீழே, ஒல்லியாகத் தெரியும் பகுதியில். மலக்குடலில் துளி திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் நோயை உறுதி செய்யும். நரம்பணு இல்லாத பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்து இணைப்பதே சிகிச்சை.

காய்ச்சல், உப்பிய வயிறு, நாற்றத்துடன் பீய்ச்சியடிக்கும் பேதி மூன்றும் சேர்ந்தால் அது குடல் அழற்சியாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் இது வரலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 42 வயதில் பெருங்குடல் புற்றுநோய். எனக்கு வயது 30, எந்தத் தொந்தரவும் இல்லை. கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) எப்போது?

பதில்: அப்பாவின் வயதில் 10 கழியுங்கள்: 32. அதைத் தாண்ட விடாதீர்கள். ஆனால் 42 இளவயது. அவருடைய கட்டியின் திசுவில் லிஞ்ச் நோய்க்குறிக்கான (பரம்பரையாகப் பெருங்குடல் புற்றுநோயை வரவழைக்கும் மரபணுக் கோளாறு) சோதனை செய்தார்களா என்று முதலில் கேளுங்கள். அது உறுதியாகி, அந்த மரபணு மாற்றம் உங்களுக்கும் இருந்தால், 20–25 வயதிலேயே தொடங்கி, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய பரிசோதனை இது. அவருக்கு நூற்றுக்கணக்கில் பாலிப்கள் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சிகள்) இருந்திருந்தால் கதையே வேறு: அது பெரும்பாலும் பரம்பரைப் பாலிப் நோய். பிள்ளை ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 10–12 வயதிலேயே பரிசோதனை தொடங்கும்.

குடலைச் சுத்தப்படுத்தும் மருந்தைப் பாதி முந்தைய இரவும், மீதியைப் பரிசோதனைக்கு 4–6 மணி நேரம் முன்பும் குடிப்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். கடைசியாகப் போவது மஞ்சள் நீராகத் தெளிந்திருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வலப்பக்கக் குடலின் தட்டையான பாலிப்கள் அந்தக் கலங்கலில்தான் தப்பிவிடுகின்றன.

கேள்வி: மூலம் இருப்பதால்தானே மலத்தில் ரத்தம்?

பதில்: மூலமும் புற்றுநோயும் ஒருவருக்கே இருக்கலாம். மலத்தோடு கலந்த ரத்தம், மாறிய மலப்பழக்கம், காரணம் புரியாத ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூலக் களிம்போடு நிறுத்தாமல் பெருங்குடலை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள்.