பெருங்குடல் புற்றுநோய் முற்றிய அம்மாவுக்கு ஏப்பத்திலேயே மல நாற்றம் வருகிறது, சாப்பிட்டதும் பேதி. ஏன்?

அம்மாவுக்குக் குறுக்குப் பெருங்குடலில் கட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இதை அஜீரணம் என்று விட்டுவிடாதீர்கள். இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் நடுவே வழி விழுந்திருக்கலாம். கேஸ்ட்ரோகோலிக் ஃபிஸ்டுலா என்பார்கள். அபூர்வம்தான், ஆனால் எங்கள் பெரியப்பாவுக்கு வந்தது.

குறுக்குப் பெருங்குடல் இரைப்பைக்குச் சற்றுக் கீழே, ஒரு சவ்வால் அதோடு இணைந்து இருக்கிறது. கட்டி அந்தச் சவ்வு வழியே ஏறி இரைப்பைச் சுவரை அரித்துவிட்டால் மலம் மேலே வரும், சாப்பாடு நேராகக் கீழே போகும். பெரியப்பா ரசம் சாதம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே சோற்றுப் பருக்கையும் தக்காளித் தோலும் பெட்பேனில் அப்படியே கிடக்கும். தன் சமையல்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பெரியம்மா அழுதுகொண்டே இருந்தார். சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சாப்பாடு சிறுகுடலுக்குப் போகாமல் தப்பிவிடுகிறது. அதைவிட மோசம், பெருங்குடல் கிருமிகள் மேலே போய்ச் சிறுகுடலை அழற்சியாக்குவது. பேதிக்கும் உடம்பு இளைப்பதற்கும் அது பெரிய காரணம்.

டாக்டரிடம் வெறுமனே "வாந்தி" என்றால் கீமோவால் வந்தது என்று நினைக்க இடமுண்டு. நாற்றத்தையும் மலத்தில் பார்த்ததையும் கூச்சப்படாமல் அப்படியே சொல்லுங்கள். படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்தைக் குடிக்கவைத்து எடுக்கும் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சின்ன ஓட்டை எண்டோஸ்கோப்பியில் தப்பிவிடலாம். ஆசனவாய் வழியே பேரியம் என்ற, எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் திரவத்தை ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே பழைய முறைதான், ஆனாலும் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

நோய் வேறெங்கும் பரவாமல், உடம்பும் தாங்குமென்றால் கட்டியோடு குடலையும் இரைப்பையில் ஒரு பகுதியையும் சேர்த்தே எடுப்பார்கள். அதற்கு முன் நரம்பு வழியாகச் சத்து ஏற்றி, குறைந்துபோன பொட்டாசியம் போன்ற உப்புகளைச் சரிசெய்வார்கள். பரவியிருந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றுக்கு வெளியே எடுத்து, மலம் அங்கேயே வெளியேறிச் சேர ஒரு பை பொருத்துவது உண்டு. பெரியப்பாவுக்கு அதைத்தான் செய்தார்கள். நோய் போகவில்லை, ஆனால் மல வாந்தி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது. "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று யாராவது சொன்னாலும் இந்தப் பையைப் பற்றி நீங்களே கேளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அம்மாவுக்கு பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து ஊசி போகிறதா என்று பாருங்கள். குடலில் ஓட்டை விழும் ஆபத்தை அது கூட்டும். அடுத்த டோஸுக்கு முன்பே புற்றுநோய் டாக்டருக்கு இந்த அறிகுறிகள் தெரிய வேண்டும்.