வேலைக்குப் போகாத அம்மாவுக்கும் சைல்ட்கேர் மானியம் உண்டு

கேள்வி: ஆஸ்திரேலியாவில், மெல்பர்னில் இருக்கிறோம். பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்து ஆறு மாதம் ஆகிறது. மகளுக்கு இரண்டரை வயது. கணவரின் வருமானம் ஆண்டுக்கு 1,40,000 டாலர். நான் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். வாரம் மூன்று நாள் அவளைச் சைல்ட்கேரில் விட ஆசை, ஆனால் நாளுக்கு 150 டாலர் கேட்கிறார்கள். அம்மா வேலைக்குப் போகாவிட்டால் அரசு மானியம் கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது பழைய விதி. 2026 ஜனவரி 5 முதல், மானியத்துக்குத் தகுதியுள்ள எந்தக் குடும்பத்துக்கும் இரண்டு வாரத்துக்கு 72 மணி நேரத்துக்கு மானியம் உண்டு. பெற்றோர் வேலையில் இருக்கிறார்களா என்று அதற்குப் பார்ப்பதில்லை. பிஆர் உள்ளவர்களுக்கு இந்த மானியத்தில் காத்திருப்புக் காலமும் கிடையாது. ஆறு மாதமாக இதை வாங்காமல் இருந்துவிட்டீர்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

பணம் உங்கள் கைக்கு வராது. அரசு நேரே சென்டருக்குக் கொடுத்துவிடும், மீதியை நீங்கள் கட்டுவீர்கள். 2025-26 கணக்கில் குடும்ப வருமானம் 85,279 டாலர் வரை 90% மானியம். அதற்கு மேல் ஒவ்வொரு 5,000 டாலருக்கும் ஒரு சதவீதம் குறையும். உங்களுக்குச் சுமார் 79% வரும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்த 79% சென்டர் கேட்கும் கட்டணத்துக்கு அப்படியே கிடைக்காது. சென்டர்களுக்கு 2025-26 கணக்கில் மணிக்கு 14.63 டாலர் என்று அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பத்து மணி நேர செஷனுக்கு (சென்டர் ஒரு நாளுக்கு எழுதும் நேரக் கணக்கு) 150 டாலர் என்றால் மணிக்கு 15 டாலர், அதாவது வரம்பைத் தாண்டிவிடுகிறது. மானியம் 146.30 டாலருக்குத்தான், தாண்டிய தொகை முழுக்க உங்கள் தலையில். அதே 150 டாலருக்குப் பன்னிரண்டு மணி நேர செஷன் கொடுத்தால் மணிக்கு 12.50 தான், முழுத் தொகைக்கும் மானியம் உண்டு. முதல் வகையில் உங்கள் பங்கு நாளுக்கு 34 டாலரைத் தாண்டும், இரண்டாவதில் 31.50.

ஆனால் குழந்தை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரைதான் இருந்தாலும், செஷனுக்கு எத்தனை மணி நேரமோ அத்தனையும் உங்கள் 72-லிருந்து கழியும். பன்னிரண்டு மணி நேர செஷன் என்றால் வாரம் மூன்று நாளோடு சரியாகத் தீர்ந்துவிடும். உங்களுக்கு அது போதும். பின்னால் நீங்களும் கணவரும் ஆளுக்கு இரண்டு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் 100 மணி நேரம் கிடைக்கும், அப்போது நாள்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் பில்லைப் பார்த்து, கணக்கு நாளுக்கு 6 டாலர் இடிக்கிறதே என்று பதறாதீர்கள். மானியத்தில் 5% பிடித்துவைப்பார்கள், வரிக் கணக்கு முடிந்ததும் சரிபார்ப்பார்கள். இதற்காகத்தான் வருமான மதிப்பீட்டில் கவனமாக இருக்கச் சொல்கிறேன். நாளைக்கே உங்களுக்கு வேலை கிடைத்து, இந்த நிதியாண்டில் 30,000 டாலர் சேர்கிறது என்று வையுங்கள். மானியம் 73 சதவீதமாக இறங்கும். நாளுக்கு 9 டாலர் அதிகமாக வாங்கியிருப்பீர்கள், பிடித்துவைத்ததோ 6 டாலருக்குள்தான். மிச்சம் கடனாக வந்து நிற்கும். வேலைக்கான கடிதம் கையில் வந்த அன்றே மைகவ் என்ற அரசு இணையதளம் வழியாக, மானியத்தைக் கவனிக்கும் அரசுச் சேவையான சென்டர்லிங்க்கில் மதிப்பீட்டை மாற்றிவிடுங்கள். ஊரில் வீட்டு வாடகை வருகிறதென்றால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அப்புறம் தடுப்பூசி. ஊரில் போட்ட ஊசிகள் இங்குள்ள பதிவேட்டில் ஏறாவிட்டால் மானியம் நின்றுவிடும். ஊசி அட்டையை ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) எடுத்துப் போய்ப் பதியச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது ஆறு வாரத்துக்கு மேல் தங்கினாலும் மானியம் நிற்கும். அதற்குள் திரும்பினாலும், குழந்தை வராத நாள்களுக்கு ஆண்டுக்கு 42 நாள் வரைக்கும்தான் மானியம் என்ற கணக்கு இருக்கிறது.

"வீட்டிலேயே நான் இருக்கிறேனே, அவளை எதற்கு அனுப்ப வேண்டும்?" என்ற எண்ணம் உங்களுக்கும் ஓடும். அனுமதி பெற்ற சென்டரில் நடப்பது வெறும் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை அல்ல, அதற்கென்று பாடத்திட்ட வரையறை இருக்கிறது. ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு குவளை, நான்கு குழந்தைகள். தன் முறை வரும்வரை ஒரு குழந்தை கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுகிறது, குவளை எப்போது வழியும் என்று கண்ணாலேயே அளக்கிறது. தமிழ் மட்டுமே பேசும் குழந்தை அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் "மை டர்ன்" என்று முதல் ஆங்கிலச் சொல்லை எடுக்கும். வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள், இரண்டும் ஒன்றாக வளரும். விக்டோரியாவில் ஏப்ரல் 30-க்குள் மூன்று வயது நிறைந்தால் அந்த ஆண்டே கின்டரில் (பள்ளிக்கு முந்தைய மழலையர் வகுப்பில்) சேரலாம். உங்கள் சென்டர், கட்டணத்தில் கழிவு தரும் மாநில அரசின் ஃப்ரீ கின்டர் திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், அந்தக் கழிவு மானியத்துக்கு மேல் தனியாக வரும்.

விண்ணப்பத்தை மைகவ்வில் போட்டுவிட்டு, சென்டர் அனுப்பும் சேர்க்கை விவரத்தையும் அங்கேயே உறுதிசெய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு முழுக் கட்டணம் கட்டுகிறார்கள். விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய 28 நாள் வரைக்கும்தான் பின்தேதியிட்டு மானியம் தருவார்கள். அதனால் இடம் கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காமல், இந்த வாரமே போட்டுவிடுங்கள்.